ஒட்டுப்பால்

அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கிறது:
ஒன்றரை மீட்டர் ஆழம், அரை மணி நேரம்,
நல்ல தண்ணீர்.
எந்த ஊர்த் தண்ணீர் என்று போடவில்லை.

களியலில் நாங்கள் அதை வெள்ளம் என்போம்.
தாகத்துக்கு ஒரு டம்ளர் கேட்டாலும் வெள்ளம்,
பேச்சிப்பாறையில் ஷட்டர் தூக்கினாலும் வெள்ளம்.
அரை மணியில் நின்றுபோக
இடவப்பாதி மழை கடிகாரம் கட்டி வருவதில்லை.

வைகாசி கடைசியில் என் கடை முழுக்க அரிசி வாசம்.
ஆளாளுக்கு டப்பாவில் புதைத்துப் பார்த்துவிட்டு
மூன்றாம் நாள் கொண்டுவருகிறார்கள்.
சார்ஜ் ஓட்டைக்குள் குருணை,
சம்பா என்றால் கூடவே செம்பொடி.
அரிசியை யார் நம்பச் சொன்னது என்று கேட்பதில்லை.
நான் நம்புவதும் பெரிதாக ஒன்றுமில்லை:
ஒரு பாட்டில் ஸ்பிரிட், பழைய பல் பிரஷ்,
என் மனைவிக்குத் தெரியாமல் எடுத்துவந்த ஹேர் டிரையர்.

சூடாக்கிப் பின்மூடியைக் கிளப்பினால்
விளிம்பு சுற்றிலும் ஒரு கறுப்பு நூல்.
விளம்பரத்தில் சொல்லும் அறுபத்தெட்டு என்பது அதுதான்.
வாங்கிய வருஷம் பசையோடு இருக்கும்,
இரண்டு கோடை கண்டதும்
தோசைக்கல் ஓரத்து மாவாய் உதிரும்.

நேற்று மூன்று மணிக்கு ரெத்தினபாய் வந்தாள்.
எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டம், இந்தப்பக்கம் ஒன்று,
இரண்டிலும் பால்வெட்டு.
முந்நூறு மரம். ஒவ்வொன்றின் இடுப்பிலும்
தார் பூசி ஒட்டிய பிளாஸ்டிக் பாவாடை.
ஊர் நனையாமலிருக்கக் கோட்டும் செருப்பும் தருகிற மரம்,
அதன் வெட்டில் மழை இறங்கினால்
சிரட்டை வழிந்து அன்றைய கூலி மண்ணோடு போகும்.
மரத்துக்குப் பாவாடை,
வெட்டுகிறவளுக்கு உரச்சாக்குக் கொங்காணி.

போன் பால் வாளியில் விழுந்திருக்கிறது.
மகன் பாறசாலையில் பழசாக வாங்கியது.
எடுத்துத் துடைத்து இடுப்பில் செருகி
ஷீட் அடிக்கிற ஷெட்டில் வேலை பார்த்திருக்கிறாள்.
ஆசிட் கை பட்டுப்பட்டுப் பால் உறைந்துவிட்டது.
அப்புறம் நாலு கிலோமீட்டர், கொட்டுகிற மழையில்.
மேசையில் வைத்தாள்.
சரியாக மணி காட்டியது.

திறந்தேன். உள்ளே பொட்டு ஈரமில்லை.
கறுப்பு நூல் எப்போதோ செத்திருந்தது.
ஸ்பீக்கர் சல்லடை, சிம் தட்டின் இடுக்கு,
சார்ஜ் ஓட்டை, எல்லாவற்றிலும்
ஒட்டுப்பால் ஏறிக் கச்சிதமாய் அடைத்திருந்தது.
கம்பெனிக்காரன் மைக்ரான் கணக்கில் அளந்து வைத்ததை
மரம் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருக்கிறது.

மெச்சிக்கொண்டே இடுக்கியை எடுத்தேன்.
"சார்ஜ் ஓட்டை மட்டும் மதி தம்பி."
ஸ்பீக்கர்?
"அது கிடக்கட்டு."
மணியடித்தால் கேட்காதே அக்கா.
"அதுதானே."

அந்நேரம் திரையில் வெளிச்சம் வந்தது.
குழு லோன் சார்.
சத்தமேயில்லாமல் பெயர் நெளிந்தது, அடங்கியது,
மறுபடி நெளிந்தது,
பஸ் கண்ணாடிக்கு வெளியே நின்று
கத்துகிறவன் வாய் மாதிரி.

வாரத் தவணை எழுநூற்றைம்பது.
பாவாடை கட்டியும் பதினொரு நாள் வெட்டு நடக்கவில்லை,
நேற்றுத்தான் கத்தி எடுத்திருக்கிறாள்.

சைலண்டில் போட்டால் போதுமே என்றேன்.
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
"சைலண்டுல போட்டா நான் போட்டதுல்லா.
இது பாலு போட்டது.
சாறு வீட்டுக்கு வந்து கேட்டா எடுத்துக் காட்டலாம்."

நுனி பிடித்து இழுத்தேன்.
ஓட்டையின் அச்சு அப்படியே வந்தது,
நீண்டு, சுண்டி, என் விரலில் அடித்தது.
குப்பையில் போடப் போனேன்,
கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.
ஒட்டுப்பால் சாக்கோடு எடைக்குப் போகுமாம்.

இனி அந்த வழியாக வெள்ளம் ஏறும் என்று சொன்னேன்.
முப்பது ரூபாயை எண்ணி வைத்துவிட்டு
மரத்துக்கு வெட்டி மிஞ்சிய பிளாஸ்டிக்கில்
போனைச் சுற்றினாள், ரெண்டு சுற்று,
கொங்காணியை இழுத்துவிட்டு இறங்கினாள்.
பிளாஸ்டிக்குக்குள் இன்னொரு தடவை
வெளிச்சம் வந்து போனது.